பாசி படிந்த சுவரும் பாதுகாப்பான துப்புரவும்

கண்டி மாநகரம் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்தது. வைகாசியில் எழும் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே ஒரு மழையைக் கொணர்கின்றது. ஐப்பசி கார்த்திகையில் இடியுடன் மற்றொரு மழை பெய்கின்றது. மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றும் தன் பங்கை அளிக்கின்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர் மழை பெறும் ஊரில் வெள்ளைச் சுவர் வெண்மையாகவே நிற்பது அரிது. முதலிற் பச்சை படரும். பின்னர் கருமை வழியும். சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது அக்கருமையை ஒரே நாளில் ஒழித்துவிட வேண்டும் என்ற அவசரம் வீட்டாருக்கு உண்டாகின்றது. அந்த அவசரமே சுவருக்கும், சில வேளைகளில் மனிதருக்கும் கேடாய் முடிகின்றது.

சுவரில் தோன்றும் இக்கறை யாது? பெரும்பாலும் அது புழுதியோ புகையோ அன்று, உயிருள்ள பொருள். பச்சை நிறம் நுண்ணிய பாசிகளால் உண்டாவது. கருமை, நீலப்பச்சைப் பாசி எனப்படும் நுண்ணுயிர்களாலும் பூஞ்சணங்களாலும் உண்டாவது. கல்லிலும் ஓட்டிலும் சாம்பல் நிற வட்டங்களாய்ப் படிவது, பாசியும் பூஞ்சணமும் கூடி வாழும் இலைக்கன். இவை அனைத்திற்கும் வேண்டுவது ஈரம். ஈரம் எங்கிருந்து வருகின்றது என்று காணாது கறையை மட்டும் அகற்றுவது, வேரை விட்டுக் கிளையை வெட்டுவதை ஒக்கும். இறவாரத்துப் பீலி அடைபட்டிருக்கலாம், ஓடொன்று உடைந்திருக்கலாம், சுவரடியில் மண் குவிந்து மழைநீர் தெறிக்கலாம், மரக்கிளை வெயிலை மறைக்கலாம். இவற்றைச் சீர்செய்வதே முதற்பணி. பீலியில் நீர் தேங்காதிருப்பின் டெங்கு நுளம்பு பெருகும் இடமும் ஒன்று குறையும்.

அடுத்து அறிய வேண்டுவது சுவரின் இயல்பு. பழைய வீடுகள் பல சுண்ணாம்புச் சாந்து பூசியவை. அப்பூச்சு மென்மையானது, ஈரத்தை உள்ளிழுத்து வெயிலில் வெளிவிடுவது. சீமெந்துப் பூச்சு அதனினும் வன்மையானது. கண்டி வாவிக் கரையில், கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காலத்தில் எழுந்த மேகச் சுவரைப் பலரும் கண்டிருப்பர். அலையலையாய் அமைந்த அதன் முகடும், விளக்கேற்றும் முக்கோண மாடங்களும் பூச்சு வேலையின் நுட்பத்தால் விளங்குவன. அத்தகைய பூச்சை இரும்பால் தேய்த்தால் அழுக்கோடு வடிவமும் போய்விடும். கண்டி, 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த நகரம். பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடமாயின், தொல்பொருளியல் திணைக்களத்தின் ஆலோசனையின்றி அதன் சுவரிற் கைவைத்தல் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கின்றோம் என்று கூறிச் சுவர்ப்பூச்சைச் சுரண்டியெறிந்தனர். அதனை எதிர்த்து வில்லியம் மொரிஸ் முதலியோர் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்பதே அச்சங்கத்துக்கு வழங்கிய பட்டப்பெயர். கறை மீண்டும் வரலாம். சுரண்டிய பூச்சோ மீண்டு வாராது.

கம்பித் தூரிகை பூச்சைக் கீறும். கீறலிற் பாசி முன்னிலும் விரைவாகத் தங்கும். நீரை விசையுடன் பீறிடச் செய்யும் இயந்திரம் பழஞ்சுவரின் மூட்டுகளைப் பெயர்த்து, ஓட்டின் கீழும் பூச்சின் உள்ளும் நீரைச் செலுத்தும். அமிலம் சுண்ணாம்பிற் பட்டவுடன் நுரைத்தெழும். அந்நுரை அழுக்குக் கரைவதன் அடையாளமன்று. சுவரே கரைவதன் அடையாளம்.

ஆதலால் மென்மையான முறையிலேயே தொடங்குதல் வேண்டும். மழை ஓய்ந்த மாசி, பங்குனி இதற்கு ஏற்ற காலம். கண்ணிற் படாத ஒரு மூலையில் முதலிற் சோதித்துப் பார்த்தல் நன்று. உலர்ந்த பாசியைத் தும்புத் தூரிகையால் மெல்ல நீக்கி, பின் வெறும் நீரால் அளவோடு கழுவினாற் பெரும்பகுதி அகன்றுவிடும். நிறமை பூசிய சீமெந்துச் சுவராயின் சிறிது சவர்க்கார நீர் பயன்படுத்தலாம். அதனைக் கீழிருந்து மேலாகப் பூசி, மேலிருந்து கீழாகக் கழுவினால் வழிந்த கோடுகள் தோன்றா.

அப்பொழுதும் கருமை நீங்காத சீமெந்துச் சுவருக்கே வெளிற்றும் திரவம் உரியது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து பூசி, சில நிமிடங்களிற் கழுவிவிடல் வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்கு அது ஆகாது. அதிலுள்ள உப்பு பூச்சினுள் தங்கிவிடும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் இன்றி அதனைத் தொடலாகாது. அமிலத்தோடு அது கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். அமோனியாவோடு கலந்தாலும் நச்சு வாயுவே எழும். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புப் பயன் என்று எண்ணுவது உயிருக்கு உலை வைக்கும் எண்ணம்.

கூரை அஸ்பெஸ்டஸ் தகடாயின் எச்சரிக்கை இன்னும் மிகுதல் வேண்டும். அதனைத் தேய்த்தாலும், விசைநீர் பாய்ச்சினாலும் கண்ணுக்குப் புலனாகா நார்த்துகள்கள் வெளிப்படும். எல்லாவகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மேலும், பழந்தகடு மனிதர் பாரம் தாங்காது உடையும். கறையோடு விட்டுவிடுதலே அக்கூரைக்கு ஏற்ற முறை.

சுவர் கழுவிய நீர் செல்லும் வழியையும் சிந்தித்தல் வேண்டும். மலைச்சரிவில் ஊற்றிய நீர் வடிகாலிற் சேர்கின்றது. நகரின் கழிவுநீர் மெத எல என்னும் கால்வாய் வழியே ஓடிக் கெட்டம்பேயில் மகாவலி கங்கையை அடைகின்றது. அதற்குக் கீழே கட்டுகஸ்தோட்டையில் அவ்வாற்று நீரே சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகின்றது. ஒரு வீட்டார் அளவின்றி ஊற்றும் நஞ்சு, அடுத்தவர் அருந்தும் நீரை நோக்கியே செல்கின்றது.

கழுவி நன்கு உலர்ந்த சுண்ணாம்புச் சுவரைச் சற்றே நனைத்து, நீர்த்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சுகளாக இருமுறை மும்முறை பூசுவது முன்னோர் கைக்கொண்ட வழி. புதுச் சுண்ணாம்பின் காரம் பாசியைச் சில காலம் அணுகவிடாது. சுவரின் ஈரமும் தடையின்றி வெளியேறும். அக்காரம் கண்ணிற் படாமற் காத்தல் வேண்டும். சுவரை வைத்தே சித்திரம் என்பது பழமொழி. வெண்மை இவ்வாண்டு குறையினும் அடுத்த ஆண்டு பெறலாம். சுவரும் அதைக் கழுவும் கையும் நலமாயிருத்தலே முதன்மை.