குதிரையின் உயரம்

சிலாபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தச்சுப் பட்டறையில் உதவியாளாக இருப்பவர். ஓய்வு நாள்களில் பைலாக் குழுவொன்றில் கிற்றார் வாசிப்பவர். மேற்பலகை வளைந்த மின்சாரக் கிற்றார் ஒன்றைத் தன் கையாலேயே செய்ய ஆசையாம். முதல் வேலையாக அதைத் தொடலாமா என்று கேட்கிறார். தாராளமாகத் தொடலாம். எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் காரியமே இருக்கிறது.

காந்தமும் செப்புச் சுருளும் தந்தியின் அதிர்வை எப்படிப் பிடிக்கின்றன என்பதை, பைலாவையும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோரின் பொப் பாடல்களையும் கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கவேண்டியதில்லை. நெடுங்காலமாக என் மனத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த மேற்பலகையின் வளைவு.

வளைவு வயலினிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கலமசூ நகரில் ஓர்வில் கிப்சன் என்பவர் மண்டலினின் மேற்பலகையை வயலினைப் போலச் செதுக்கி, 1898இல் காப்புரிமை பெற்றார். பக்கங்களைக்கூட வளைத்து ஒட்டாமல் கட்டையிலிருந்தே குடைந்தெடுத்தார். ஒரே பலாமரத்தில் ஏகாந்த வீணை குடையும் தஞ்சாவூர்க் கைகளுக்கு இந்த எண்ணம் அந்நியமாக இராது. உள்ளே கூடாக இருக்கும் வாத்தியத்தில் வளைவுக்கு வேலை உண்டு. தந்திகள் தம்மைத் தாங்கும் குதிரை வழியாக மேற்பலகையை அழுத்துகின்றன. அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டே பலகை அதிரவேண்டும்.

ஆனால் 1952இல் லெஸ் போல் என்ற வாத்தியக்காரரின் பெயரில் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட கிற்றார் கெட்டி மரத்தாலானது. மகோகனிக் கட்டையின்மேல் மேப்பிள் பலகையை ஒட்டி, அதை மேடாகச் செதுக்கினார்கள். கெட்டி உடலுக்கு வளைவு தேவையே இல்லை. பின் ஏன்? போட்டியாளரான லியோ ஃபெண்டரிடம் செதுக்கும் இயந்திரம் கிடையாது, தங்களிடம் இருந்தது என்று அன்றைய நிறுவனத் தலைவர் டெட் மக்கார்ட்டி பின்னாளில் காரணம் சொன்னார்.

தேவையில்லாமல் வந்த வளைவு, வந்தபின் மற்ற எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. நடுப்பகுதி மேடாவதால் குதிரை உயரத்தில் நிற்கிறது. அதோடு தந்தியும் உயர்கிறது. தந்தி விரற்பலகைக்கு அருகே ஓடவேண்டுமானால் கழுத்து பின்பக்கமாகச் சாயவேண்டும். முதலில் வந்த 1952 கிற்றார்களில் இந்தச் சாய்வு போதவில்லை. குதிரையின் மேலாகப் போகவேண்டிய தந்திகளை அதன் அடியால் எடுத்துக் கட்டினார்கள். அதனால் உள்ளங்கையைத் தந்திமேல் பதித்து ஒலியை அடக்கி வாசிக்க வழியில்லாமல் போயிற்று. 1953இல் சாய்வைக் கூட்டி, குதிரையையும் மாற்றினார்கள். செதுக்குவதில் அரை நூற்றாண்டு பழகிய பட்டறையே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது.

ஆகவே உளியை எடுக்குமுன் பென்சிலை எடுங்கள். தந்தியின் நீளம் 24¾ அங்குலம், அதாவது 628.65 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இதை 17.817ஆல் வகுத்தால் 35.28 வரும், தலைப்பக்க முனையிலிருந்து அத்தனை மில்லிமீற்றரில் முதல் மெட்டு. மீதி நீளத்தை மறுபடி 17.817ஆல் வகுத்தால் இரண்டாம் மெட்டு. இப்படியே போனால் 12ஆம் மெட்டு சரிபாதியில் விழும்; விழாவிட்டால் கணக்கில் பிழை. கழுத்து உடலைச் சேரும் 16ஆம் மெட்டிலிருந்து குதிரைக்கு ஏறத்தாழ 250 மில்லிமீற்றர். கழுத்தின் சாய்வு ஒரே ஒரு பாகை பிசகினாலும் குதிரையடியில் தந்தி 4 மில்லிமீற்றருக்கு மேல் ஏறிவிடும் அல்லது இறங்கிவிடும். திருகாணியைத் திருப்பிச் சரிக்கட்டக்கூடிய அளவல்ல இது. பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் ஒரு பலகையில் வரைந்து, வாங்கி வைத்திருக்கும் குதிரையை அளந்து அதன் உயரத்தைக் குறித்து, சாய்வை அதிலிருந்து எடுங்கள்.

செதுக்குவது அதன்பிறகு எளிது. கோடையில் எங்கள் பக்கத்துக் குளம் வற்றும்போது கரையைச் சுற்றி வரிவரியாக நீர்த்தடம் விழுமே, அதுபோல மேற்பலகையில் ஒன்றினுள் ஒன்றாகக் கோடுகள் வரையுங்கள். ஓரத்துக் கோடு மிகத் தாழ்வு, நடுக்கோடு மிக மேடு. ஒவ்வொரு கோட்டுக்கும் உரிய ஆழத்துக்கு ரவுட்டரால் படி வெட்டி, படிகளின் முனைகளைக் குழியுளியாலும் சிறு சீவுளியாலும் கரைத்து விடுங்கள். மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே சீவுங்கள். எதிர்த்துப் போனால் நார் பிய்ந்து வரும். ஓரத்துக்குச் சற்று முன்னே வளைவு ஒரு பள்ளமாக இறங்கி மீண்டும் இலேசாக எழும்ப வேண்டும். இந்த வாத்தியத்தின் அழகெல்லாம் அந்த விரலகலப் பள்ளத்தில்தான். தட்டையான இரும்புச் சுரண்டியால் அதைச் சீராக்கும்போது, விளக்கைப் பலகையின் மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடியுங்கள். பகல் வெளிச்சத்தில் மறைந்திருந்த மேடுபள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். தூசுக்கு முகமூடி கட்டாயம்.

மேப்பிளை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டாம். உடலுக்கு நம் நாட்டில் வளர்த்த மகோகனி, மேலே பலா. முதிரை கண்ணைப் பறிக்கும். ஆனால் கனமும் கடினமும் அதிகம், உளியை மழுக்கிவிடும். முதல் வேலைக்கு அது வேண்டாம். விரற்பலகைக்கு உலகமே விரும்பும் கருங்காலி நம் காட்டு மரம்தான். ஆனால் வெட்டி வெட்டி அரிதாகிவிட்ட மரம் அது; பழைய தளபாடத் துண்டு கிடைத்தாலன்றித் தேடாதீர்கள். பலாவை வெட்டுவதற்கும் 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். பழைய வீடுகளின் கதவிலும் கட்டிலிலும் இருப்பதோ என்றோ வெட்டிய பலா. பல்லாண்டு உலர்ந்து, நம் கடற்கரை ஈரத்துக்குப் பழகிய மரம். இடித்த வீட்டுக் கதவுகளைப் பேக்கரிப் போறணைக்கு விறகாக ஏற்றிச் செல்வதைக் காணும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

மரத்தைவிடப் பெரிய வீண்விரயம் ஒன்றும் உண்டு. முன்னேஸ்வரத்துத் திருவிழாவில் தேர் அசைந்து வரும்போது கைகூப்புகிறோம். ஆனால் அந்தத் தேரைச் செதுக்கியவை போல மரத்தில் வளைவு எடுக்கத் தெரிந்த கைகளுக்கு மற்ற நாள்களில் ஜன்னல் சட்டத்தையும் சவப்பெட்டியையும் தவிர வேறு வேலை கொடுப்பதில்லை. தச்சுத் தொழில் படிப்பு ஏறாதவனுக்கு என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டு, கழுத்து வளைந்துபோன மலிவுக் கிற்றாரைச் செப்பனிட ஆளில்லையே என்று குறைப்படுகிறோம்.

கடிதம் எழுதிய தம்பிக்கு அந்தக் குறை இல்லை, பட்டறையிலேயே இருக்கிறார். உங்கள் மேஸ்திரியிடம் அந்த முழு அளவு வரைபடத்தைக் காட்டுங்கள், தம்பி. கிற்றார் வாசிக்கத் தெரியாவிட்டாலும் சாய்வும் சந்தும் அவருக்குத் தெரியும். இருவருமாகச் செய்யும் முதல் கிற்றாரில் குறைகள் இருக்கும். அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பட்டறைக்கு வரும் அடுத்த பையன் அங்கிருந்து தொடங்கலாம்.