நடந்தால் சர்க்கரை குறையும், ஆனால்...



ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நம் மருத்துவமனையில் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். ஒரு நாள் காலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டார். அன்று உபவாசக் கூட்டம். ஒன்றும் சாப்பிடாமல் ஆலயத்துக்கு நடந்தே போயிருக்கிறார். முதல் பாட்டு முடிவதற்குள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்று பயந்து தூக்கி வந்தார்கள். சோதித்தபோது சர்க்கரை 48தான் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தவர், "தினமும் நடக்கச் சொன்னது நீங்கள்தானே?" என்றார்.

கேள்வி நியாயமானதே. நடக்கச் சொன்ன நாங்கள் எப்போது, எப்படி என்று விளக்கமாகச் சொல்லியிருக்கவில்லை.

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரை தசைக்குள் நுழைய இன்சுலின் கதவைத் திறக்கவேண்டும். தசை வேலை செய்யும்போதோ இன்சுலினின் உதவி இல்லாமலேயே அந்தக் கதவு திறக்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்வரை, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. அதனால்தான் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கவேண்டும், தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது என்கிறோம். சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதுகூட நல்ல பலன் தரும்.

நோய் இல்லாதவர் நடக்கும்போது உடலே இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஊசியில் போட்ட இன்சுலினையோ திரும்ப அழைக்க முடியாது! தசை ஒரு பக்கம் சர்க்கரையை இழுக்க, ஊசி மருந்து மறுபக்கம் இழுக்க, வயிறும் காலியாக இருந்தால் ஆசிரியருக்கு நேர்ந்ததுதான் நேரும். தொடையில் ஊசி போட்டு உடனே நடந்தால் மருந்து இன்னும் வேகமாக இரத்தத்தில் கலக்கும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளிலும் இந்த ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது அபூர்வம்.

ஆகவே இன்சுலின் போடுகிறவர்கள் நடக்குமுன் சோதித்துப் பார்ப்பது நல்லது. 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். வழியில் நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் நின்றுவிடுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். அதிகமாக நடந்த நாளின் இரவிலும் சர்க்கரை இறங்கலாம். வீட்டார் இதை அறிந்திருக்கவேண்டும்.

செருப்பில்லாமல் நடக்கவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. புண்ணாகி, காலை எடுக்கும் நிலையில் வருகிறவர்களை இன்றும் பார்க்கிறோம்.

உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள் இன்சுலினைத் தாங்களாக நிறுத்திவிடாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் இப்போதும் ஆலயத்துக்கு நடந்தே போகிறார், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு. சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கிறது. அதற்கு எறும்பு வந்துவிடுகிறது என்பதுதான் இப்போது எங்களிடம் அவர் சொல்லும் புகார்.