பழைய செங்கல், புதிய சுவர்

முருகன் கோவிலுக்கு 365 படிகள் ஏறிச் செல்லும் மலைநகரம் திருத்தணி. அது அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டம் செங்கற்சூளைகள் மிகுந்தது. ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வரும் தொழிலாளர்கள், பல மாதங்கள் சூளையருகே தங்கி மண் பிசைந்து கல் அறுக்கின்றனர். அறுத்த கல்லைச் சுட ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வளமான மண், நீர், எரிபொருள், மனித உழைப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு செங்கல். பழைய வீடு இடிக்கப்படும்போது அக்கல் பள்ளத்தை நிரப்பும் குப்பையாகிவிடுவது பெரும் இழப்பன்றோ?

பிணைப்பும் பிரிப்பும்

ஒரு செங்கல் மீண்டும் பயன்படுமா என்பதை அதனைப் பிணைத்த சாந்தே பெரும்பாலும் முடிவு செய்கிறது. முன்னாளில் சுவர்கள் மண்சாந்தாலோ சுண்ணாம்புச் சாந்தாலோ கட்டப்பட்டன. இச்சாந்துகள் செங்கல்லைவிட மென்மையானவை. தட்டினால் சாந்து உதிரும், கல் முழுமையாக நிற்கும். செறிவான சிமெண்டுச் சாந்தோ கல்லைவிட வலிமையானது. அதனைப் பெயர்க்க முயன்றால் சாந்துக்கு முன்னர்க் கல்லே உடைகிறது.

தூய்மை செய்யும் முறை

இடிபாட்டிலிருந்து எடுத்த கற்களின்மீது முதலில் நீர் தெளிக்க வேண்டும். உலர்ந்த தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். ஆதலின் முகக்கவசமும் கையுறையும் கண்ணாடியும் இன்றியமையாதவை. பின்னர் உளியைச் சாய்வாகப் பிடித்து, சுத்தியலால் மெல்லத் தட்டிச் சாந்தை நீக்கிக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். தூய்மை செய்த கற்களை நீரில் ஊறவைத்துக் கட்டினால், அவை புதுச்சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடாமல் பிணைப்பு உறுதிப்படும்.

தரம் அறிதல்

இரு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழுதல் கூடாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, பொதுவகைச் செங்கல் 24 மணி நேரம் நீரில் ஊறியபின் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது. அதாவது, நன்கு உலர்ந்த நிலையில் 3 கிலோ எடையுள்ள கல், ஊறியபின் 3.6 கிலோவைத் தாண்டலாகாது. வெண்ணிற உப்புப் பூத்த கற்களையும் விரிசல் கண்டவற்றையும் விலக்க வேண்டும். தேறிய கற்கள் தோட்டச் சுற்றுச்சுவர், நடைபாதை, திண்ணை போன்றவற்றுக்கு ஏற்றவை. மாடியின் பாரம் தாங்கும் சுவருக்குப் பொறியாளரின் ஆய்வின்றி அவற்றைப் பயன்படுத்தலாகாது.

எடுக்கக் கூடாத கல்

பழங்கல் அனைத்தும் எடுத்தற்குரியது அன்று. அதற்கு அரப்பாவே சான்று. அந்நகரின் செங்கற்கள் பெரும்பாலும் மண்சாந்தால் பிணைக்கப்பட்டவை. எனவே எளிதில் பெயர்ந்து வந்தன. 1850களில் லாகூர் – முல்தான் இருப்புப்பாதைக்கு அடியிடும் சல்லியாக அவை அள்ளிச் செல்லப்பட்டன. ஏறத்தாழ 160 கிலோமீட்டர்ப் பாதைக்குப் போதுமான கற்கள் அவ்வாறு சென்றதாக அலெக்சாண்டர் கன்னிங்காம் பதிவு செய்துள்ளார். 1921இல் அங்கு அகழாய்வு தொடங்கியபோது நகரின் பெரும்பகுதி சிதைந்திருந்தது. கோவில், கோட்டை, பழங்குளம், தொல்லியல் மேடு ஆகியவற்றின் கல் விலையின்றிக் கிடைப்பினும் அது வரலாற்றின் உடைமை. உரிமையாளர் மனமுவந்து இடிக்கும் வீட்டின் கல்லே மறுபயனுக்கு உரியது.

அடுத்த தலைமுறைக்காக

கட்டட இடிபாடுகளை வகைபிரித்துக் கையாள வேண்டும் என 2016இல் நடுவண் அரசு விதிகளை வகுத்தது. ஆயினும் இடிக்கும் நாளில் மட்டும் சிந்தித்தால் போதாது. பாரமற்ற தோட்டச் சுவரை இன்று சுண்ணாம்புச் சாந்தால் எழுப்புவோர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதனைப் பிரிக்க வருவோர்க்கு முழுக்கற்களை விட்டுச் செல்கின்றனர். அந்த அளவிற்கு வயலின் மேல்மண்ணும் சூளையின் விறகும் எஞ்சும்.