மலையில் பாட்டுக் கேட்கப் போகும்போது

நுவரெலியாவில் ஏப்ரல் மாத வசந்தகாலத்தில் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளும் நடப்பதுண்டு. வடக்கு, கிழக்கிலிருந்து பஸ் ஏறிப் போகும் எமக்கு அங்கே இரண்டு வகை நடுக்கம் வரலாம்.

முதலாவது குளிர் நடுக்கம். அந்நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. மழையில் நனைந்த பருத்தி உடை இரவில் உடற்சூட்டைக் குறைத்துவிடும். 1997 யூலையில் யப்பானின் பியூஜி மலையடிவாரத்தில் நடந்த இசை விழாவில் சூறாவளி மழையில் நனைந்த பலர் குளிரால் துவண்டனர். இரண்டாம் நாள் விழா கைவிடப்பட்டது. எனவே மழை அங்கி, கம்பளிச் சட்டை, மாற்றுடை மூன்றையும் கொண்டு செல்வோம். நனைந்ததை உடனே மாற்றி, சூடான பிளேன்ரீ குடிப்போம். ஒருவருக்குப் பேச்சுக் குழறினால், தள்ளாடினால் தாமதியாது வைத்திய உதவி நாட வேண்டும்.

மற்றையது மன நடுக்கம். வாணவெடியும் நெரிசலும் எனக்கு ஷெல் விழுந்த நாட்களை நினைவூட்டிவிடும். அதனால் ஒலிபெருக்கிக்கு அருகில் நிற்பதில்லை. வெளியேறும் வழி தெரியும் ஓரத்தில் தோழியுடன் நிற்பேன். நெஞ்சு படபடத்தால் பாதங்களை நிலத்தில் அழுத்தி, மெதுவாக மூச்சை விடுவேன். அடங்காவிட்டால் அவளிடம் சொல்லி வெளியே வந்துவிடுவேன்.

சகோதரிகளே, பொறுத்துப் பொறுத்தே பழகியவர்கள் நாம். பாட்டுக் கேட்கப் போன இடத்திலும் பொறுக்க வேண்டியதில்லை.