தாரா முட்டையும் அடைகாக்கும் பெட்டியும்

முல்லைத்தீவுக்குத் தெற்கே, கடலை அடுத்து, நாயாற்றுக் கடனீரேரி பரந்து கிடக்கிறது. நீரும் சேறும் நத்தையும் உள்ள இடங்களைத் தாரா விரும்பும். ஆயினும் தாரா வளர்க்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் குஞ்சு பெறுவதிலேயே உள்ளது. முட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட தாராவினங்கள் அடைகிடப்பதில் ஊக்கம் காட்டுவதில்லை. ஆதலினாலேயே அடைக்கோழியின் கீழ்த் தாரா முட்டையை வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. குஞ்சுகள் குளத்தில் இறங்கி நீந்த, பொரித்த கோழி கரையில் நின்று பதறுவதைக் கண்டவர் பலர்.

கோழி வேண்டியபோது அடைக்கு வருவதில்லை. வந்தாலும் பத்துத் தாரா முட்டைகளுக்கு மேல் அதன் சிறகு கொள்ளாது. இக்குறையை நீக்குவது அடைகாக்கும் பெட்டி. எகிப்தியர் பண்டைக் காலத்திலேயே மண் அடுப்பறைகளில் முட்டை பொரித்தனர். பிரான்சிய அறிஞர் ரேயோமூர் இக்கலையைப் பற்றி 1749இல் நூல் எழுதினார்.

மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டியே இதற்குப் போதும். அதை நன்கு கழுவி வெயிலில் உலர்த்துதல் வேண்டும். இழை எரியும் மின்குமிழ், வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவி, சிறு விசிறி, வெப்பமானி, ஒரு தட்டு நீர், சில காற்றுத் துளைகள் ஆகியவை பெட்டியில் அமைய வேண்டும். இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ் போதிய வெப்பம் தராது. விசிறியுள்ள பெட்டியில் வெப்பநிலை 37.5 பாகை செல்சியஸ் இருத்தல் நன்று. விசிறி இல்லையெனின், முட்டையின் மேற்புற மட்டத்தில் 38.3 பாகை வேண்டும்.

முட்டை புதிதாகவும் வெடிப்பற்றதாகவும் இருத்தல் வேண்டும். ஏழு நாளைக்கு மேற்பட்டது ஆகாது. ஐந்தாறு பேட்டுக்கு ஓர் ஆண் தாரா இருந்தாலன்றிக் கருவுள்ள முட்டைகள் போதிய அளவு கிடையா.

சாதாரணத் தாரா முட்டை பொரிக்க 28 நாள் செல்லும். மஸ்கோவி இனத்துக்கு 35 நாள் வேண்டும். இதுகாறும் முட்டையை அசையாது வைத்தால் கரு ஓட்டின் உட்தோலோடு ஒட்டி இறந்துவிடும். ஆகவே நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்டுதல் வேண்டும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் புரட்டினால், நீண்ட இராப்பொழுதில் முட்டை எப்போதும் ஒரே பக்கமாகக் கிடவாது. ஒருபுறம் பென்சிலாற் குறியிட்டுக்கொண்டால் மறதி நேராது.

ஈரப்பதனும் வெப்பத்தைப் போன்றே முதன்மையானது. ஓட்டின் நுண்துளைகளால் நீர் வெளியேற, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகும். 70 கிராம் முட்டை, 25ஆம் நாளில் ஏறக்குறைய 9 அல்லது 10 கிராம் குறைந்திருத்தல் வேண்டும். தாய்த்தாரா இரைதேடி எழுந்து, நனைந்த இறகோடு மீள்வதை நினைவிற்கொண்டு, இரண்டாம் வாரந் தொடக்கம் நாள்தோறும் சிறிது நேரம் பெட்டியைத் திறந்து முட்டைகளை ஆறவிட்டு, இளஞ்சூட்டு நீரைத் தெளிப்போர் உளர்.

ஏழாம் நாளிரவு, இருட்டறையில் முட்டையை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், சிலந்திபோற் பரந்த இரத்த நாளங்கள் தோன்றும். அது உயிருள்ள கரு. தெளிவாயிருப்பது கருவற்றது, இரத்த வளையம் மட்டும் தோன்றுவது இறந்தது. இவ்விரண்டையும் அகற்றிவிட வேண்டும். அழுகிய முட்டை பெட்டிக்குள் வெடித்தால் ஏனையவற்றுக்கும் கேடு சூழும்.

நள்ளிரவில் மின்சாரம் நின்றுவிட்டால் என்செய்வது? அஞ்சிப் பெட்டியைத் திறப்பதே பெரும் பிழை. காற்றுத் துளைகளை முற்றாக மூடாது, பெட்டியைச் சாக்கினால் போர்த்து, வெந்நீர்ப் போத்தல்களைத் துணியிற் சுற்றி உள்ளே வைத்தல் நன்று. சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கும். மிகுந்த வெப்பத்தை அது தாங்காது. மின்சாரம் மீண்டதும் வெப்பம் அளவு மீறாதிருக்கக் கண்காணித்தல் வேண்டும்.

25ஆம் நாளொடு புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தை மிகுவித்தல் வேண்டும். குஞ்சு முதலிற் காற்றறையைத் துளைத்து நுரையீரலால் மூச்சுவிடும். பின்னரே ஓட்டைக் கொத்தும். ஓட்டிற் சிறு துளை தோன்றியபின் ஒரு நாளோ அதற்கு மேலுமோ யாதும் நிகழாதது போலத் தோன்றும். அப்போதுதான் மனிதர் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த ஓய்வில், உட்தோலின் குருதி உள்ளே இழுக்கப்படுகிறது. எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றினுள் சேர்கிறது. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் குருதி பெருகிக் குஞ்சு மடியும்.

பொரித்த குஞ்சை முதல் வாரம் ஏறக்குறைய 32 பாகை வெப்பத்திற் பேணி, பின்னர் வாரந்தோறும் வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். அலகு முழுதும் அமிழக்கூடிய, உடல் நனையாத பாத்திரத்தில் நன்னீர் வைக்க வேண்டும். தாயின் கீழ் வளராத குஞ்சின் தூவியில் நீர் எளிதிற் புகும். அதனால் அது ஏரியில் இறங்கிக் குளிரால் விறைத்துப்போகலாம்.

போர் 2009இல் முடிந்தபின் மீளக் குடியேறி வாழ்வைப் புதிதாகத் தொடங்கிய ஒரு குடும்பத்துக்கு, முப்பது முட்டை சிறு பொருளன்று. விற்றால் அன்றே காசாகும் முட்டையை அவர்கள் ஒரு மாதம் பெட்டியில் இட்டுக் காத்திருக்கிறார்கள். அக்காத்திருப்பு வீண்போகாதிருக்க விலையுயர்ந்த கருவியினும் வேண்டப்படுவது, நாள் தவறாக் கவனமும், இறுதி நாளிற் கையைக் கட்டி நிற்கும் பொறுமையுமே.