பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞரும் நீதிபதி பதவியும்

பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர் என்பவர், வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவருக்காக அரசுச் செலவில் வாதாடுபவர் ஆவார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இவர் உள்ளூர் நீதிபதி பதவிக்குத் தேர்தலில் போட்டியிடலாம். இந்தியாவில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் இல்லை. சென்னையில் ஏழைகளுக்காக வாதாடும் ஒருவர் நீதிபதியாக வேண்டுமானால், தேர்வு எழுத வேண்டும் அல்லது உயர் நீதிமன்றத்தின் பரிந்துரையைப் பெற வேண்டும்.

அமெரிக்காவில்

கடுமையான குற்ற வழக்குகளில் ஏழைகளுக்கு மாநில அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் பொதுப் பாதுகாப்பு அலுவலகங்கள் பெருகின. 2018இல் சான் பிரான்சிஸ்கோவில் நான்கு பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர்கள், பதவியிலிருந்த நீதிபதிகளை எதிர்த்துப் போட்டியிட்டு நால்வரும் தோற்றனர். கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குத் தேர்தல் இல்லை. அங்கே குடியரசுத் தலைவரே நியமிக்கிறார். 2022இல் கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன் உச்ச நீதிமன்ற நீதிபதியானபோது, கூட்டாட்சிப் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞராகப் பணியாற்றி அப்பதவிக்கு வந்த முதல் நபரானார்.

இந்தியாவில் நீதிபதியாகும் வழிகள்

தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதி பதவிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு ஆகியவற்றில் வெற்றி பெற வேண்டும். அரசமைப்பின் 233ஆம் பிரிவின்படி, ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் வழக்கறிஞராக இருந்தவரை மாவட்ட நீதிபதியாக நேரடியாக நியமிக்கலாம். உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு 217ஆம் பிரிவு பத்து ஆண்டு அனுபவம் கேட்கிறது; பெயரைப் பரிந்துரைப்பது மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம்.

சட்ட உதவி

இலவசச் சட்ட உதவி 1976இல் 42ஆவது திருத்தத்தால் அரசமைப்பின் 39அ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. காவலில் உள்ள எவரும் வருமான வரம்பின்றி இந்த உதவியைப் பெறலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கும் வருமான வரம்பு இல்லை. சைதாப்பேட்டை அல்லது எழும்பூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் ஒருவர், தமக்கு வழக்கறிஞர் இல்லை என்று நடுவரிடம் சொன்னாலே போதும். உதவிக்கான தொலைபேசி எண் 15100.

முன்பு இப்பணியைச் செய்தவர்கள் பட்டியலில் இடம்பெற்ற தனி வழக்கறிஞர்கள். அவர்கள் தங்கள் சொந்த வழக்குகளுக்கிடையே இதையும் கவனித்தனர். 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம், பொதுப் பாதுகாப்பு அலுவலக முறைக்கு நெருக்கமானது. இதில் சேருபவர் முழுநேரமும் இப்பணியையே செய்வார்; தனி வழக்குகளை ஏற்க முடியாது. தலைமைப் பாதுகாப்பு வழக்கறிஞருக்குப் பத்து ஆண்டு அனுபவம் தேவை.

மயிலாப்பூர் வழக்கறிஞர்கள்

சென்னை உயர் நீதிமன்றம் 1862இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இந்திய நீதிபதியாக 1877இல் தி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டார். வறுமையில் வளர்ந்த அவர், சிறு எழுத்தர் வேலையில் தொடங்கி முன்சீப் பதவி வழியாக உயர்ந்தவர். பின்னர் எஸ். சுப்பிரமணிய ஐயர், வி. பாஷ்யம் ஐயங்கார், வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்ற மயிலாப்பூர் வழக்கறிஞர்கள் நீதிபதிகளாயினர். இவர்கள் பெரும்பாலும் உரிமையியல் வழக்குகளில் பெயர் பெற்றவர்கள். குற்றம் சாட்டப்பட்ட ஏழையின் பக்கம் நின்ற அனுபவம், அக்காலத்தில் நீதிபதி பதவிக்கு வழக்கமான தகுதியாக இருக்கவில்லை.

கே. சந்துரு

இத்தகைய அனுபவத்துடன் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானவர்களில் பரவலாக அறியப்பட்டவர் கே. சந்துரு. 1951இல் திருவரங்கத்தில் பிறந்த இவர், மாணவர் இயக்கத்திலிருந்து வழக்கறிஞர் தொழிலுக்கு வந்தவர். இவர் சட்ட உதவி அலுவலக ஊழியர் அல்லர். தொழிலாளர் வழக்குகளையும் மனித உரிமை வழக்குகளையும் நடத்திய தனி வழக்கறிஞர்.

1993இல் விருத்தாசலம் அருகே முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத் தொழிலாளி, திருட்டுப் புகாரில் காவல்துறையால் பிடிக்கப்பட்டார். அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவலர்கள் கூறினர். அவருடைய மனைவிக்காகச் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்து வாதாடினார். ராஜாக்கண்ணு காவலில் அடித்துக் கொல்லப்பட்டது பின்னர் வெளிப்பட்டது, காவலர்கள் தண்டிக்கப்பட்டனர். 2021இல் வெளியான ‘ஜெய் பீம்’ திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியது.

சந்துரு 2006இல் கூடுதல் நீதிபதியாகவும் 2009இல் நிரந்தர நீதிபதியாகவும் நியமிக்கப்பட்டு, 2013 மார்ச்சில் ஓய்வு பெற்றார். இக்காலத்தில் சுமார் 96,000 வழக்குகளை முடித்துவைத்தார். பெண் கோயிலில் பூசை செய்வதைத் தடுக்க முடியாது என்று 2008இல் அவர் அளித்த தீர்ப்பு பரவலாகப் பேசப்பட்டது.

ஏன் முக்கியம்

இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்களில் பலர் வெளியே வருவதும் வராததும் பிணை மனு மீதான ஓர் உத்தரவைப் பொறுத்தது. பிணை கிடைத்தும் பிணையாளர் கிடைக்காமல் சிறையிலேயே இருப்பவர்களும் உண்டு. இதைக் கட்சிக்காரரின் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர், நீதிபதியாக நிபந்தனை விதிக்கும்போது அதை நினைவில் கொள்ள வாய்ப்பு அதிகம்.

தேர்தல் முறையில், குற்றவாளிகளிடம் இளகியவர் என்ற பிரசாரத்துக்கு நீதிபதி அஞ்ச நேரலாம். இந்திய முறையில் அந்த அச்சம் இல்லை; ஆனால் யாரை, ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் மக்களுக்குப் பங்கில்லை. ஆகவே இங்கே ஏழைகளுக்காக வாதாடியவர்கள் நீதிபதிகளாவது, அந்த அனுபவத்தைத் தேர்வு செய்பவர்கள் தகுதியாக மதிக்கிறார்களா என்பதைப் பொறுத்தே அமைகிறது.