வாசலில் ஃபுல் சிக்னல்... பனியன் கம்பெனிக்குள் போனால் ஏன் 'கட்' ஆகிறது?

திருப்பூர் அவிநாசி ரோட்டில் நிற்கும்போது மொபைலில் நாலு கோடும் இருக்கும். கம்பெனி ஷெட்டுக்குள் நுழைந்தால் ஒரே கோடு. துணி குடோனுக்குள் போனால் அதுவும் காலி. வீட்டிலிருந்து அவசரமாக அழைத்தாலும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றுதான் வரும். "டவர் பக்கத்துலதானே இருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்கத் தோன்றும். சிக்கல் பெரும்பாலும் டவரில் இல்லை, கட்டிடத்தில் இருக்கிறது.

சுவர் என்ன செய்கிறது?

மொபைல் சிக்னலும் வைஃபையும் ரேடியோ அலைகள்தான். குறுக்கே ஒரு பொருள் வந்தால் அலையில் கொஞ்சம் திரும்பிவிடும், கொஞ்சம் உறிஞ்சப்படும், மிச்சம்தான் மறுபக்கம் போகும். இந்த இழப்பை டெசிபலில் அளக்கிறார்கள். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்றே இந்த அளவுக்கோ அதற்கு மேலோ இழுத்துவிடும். இரண்டு சுவர் தாண்டினால் மிஞ்சுவது நூறில் ஒரு பங்குதான்.

தகர ஷீட் இன்னும் மோசம். உலோகத்தில் பட்ட அலை அப்படியே திரும்பிவிடும். அதனால் கூரையும் பக்கமும் தகரம் போட்ட ஷெட்டுக்குள் சிக்னல் வருவது கதவு, ஜன்னல், இடுக்கு வழியாகத்தான்.

துணியும் தடுக்குமா?

காய்ந்த துணி ஒன்றிரண்டு அடுக்கு இருந்தால் பெரிய தடை இல்லை. தண்ணீர்தான் எதிரி. வைஃபை அலைகளைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். பருத்தி, காய்ந்த நிலையிலும் சுமார் 8% ஈரம் வைத்திருக்கும். ஆள் உயரத்துக்கு ரோல் அடுக்கினால் அது ஒரு சுவர் மாதிரிதான். சாயப்பட்டறையின் ஈரத்துணி என்றால் சொல்லவே வேண்டாம். நேற்று வந்த வைஃபை இன்று வரவில்லையா? இடையில் லோடு இறங்கியதா என்று பாருங்கள்.

கொஞ்சம் நகர்ந்தால் சிக்னல் வருவது எப்படி?

நிட்டிங் மெஷின்களில் பட்டுத் திரும்பும் அலைகள் பல வழியாக போனுக்கு வருகின்றன. சில இடங்களில் அவை ஒன்றுசேர்ந்து வலுவாகும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைநீளம் 12.5 செ.மீ.தான். அதனால் ஒரு சாண் நகர்ந்தாலே நிலைமை மாறலாம்.

என்ன செய்யலாம்?

* ரூட்டரை ஆபீஸ் ரூம் மூலையிலோ இரும்பு பீரோ மேலோ வைக்காதீர்கள். வேலை நடக்கும் ஹாலின் நடுவில், மெஷின்களுக்கும் ரோல்களுக்கும் மேலே உயரமாக மாட்டுங்கள்.
* 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம். சுவரைத் தாண்டுவதில் 2.4 தான் கெட்டி. தூரத்து செக்‌ஷனுக்கு 2.4 போதும்.
* குடோனுக்குத் தனி ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். அதற்கு கேபிள் இழுப்பதே நல்லது.
* போனில் 'வைஃபை காலிங்' ஆன் செய்தால், டவர் சிக்னல் இல்லாத இடத்திலும் அழைப்பு வரும்.

கடையில் கிடைக்கும் 'சிக்னல் பூஸ்டரை' வாங்கி மாட்டினால் என்ன? அனுமதியில்லாத பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம். அது டவருக்குள் இரைச்சலை அனுப்பி, பக்கத்துக் கம்பெனிக்காரர்களின் அழைப்பையும் கெடுக்கும்.

கட்டிடங்களுக்குள் கிடைக்கும் இணைப்பின் தரத்துக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறைகளை 2024 அக்டோபரில் டிராய் வெளியிட்டது. புது ஷெட் கட்டுபவர்கள் கரன்ட் லைனுக்கு இடம் விடும்போதே நெட்வொர்க் கேபிளுக்கும் இடம் விட்டால், பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்காது.